அல்பத்தில் என் மனைவியைக் காணவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பேத்தியின் கல்யாணம் கடந்த தை மாதம் டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. அல்பம் சித்திரை கழிந்த பிறகுதான் கைக்கு வந்தது. தாமதத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதை எழுத ஊரில் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அல்பத்தின் பக்கங்களை மகன் ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசியில் எடுத்து, கோத்தகிரியில் இருக்கும் என் மனைவியின் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். அன்று இரவே அக்கா பேசினார். பெண் லட்சணம், மாப்பிள்ளை நல்ல உயரம், பந்தியில் குறை ஒன்றும் வரவில்லையே என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "எல்லாரையும் பார்த்தேன், உன்னைத்தான் காணவில்லை. பேத்தி கல்யாணத்துக்கு நீ போகவில்லையா?"

என் மனைவி அந்த அல்பத்தில் மூன்று பக்கங்களில் இருக்கிறாள். ஒன்றில் மணப்பெண்ணுக்கு நேர் பின்னால் நிற்கிறாள். ஒன்றில் கையில் அட்சதையோடு. இன்னொன்று முழுப் பக்கம். அதில் அவளும் நானும் மட்டும். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைக்கவேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது பேரனின் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறவர். எங்கள் ஆட்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் புகுந்த வீட்டாரோடு பெயர் போய், 1975இல் தலைமன்னாரில் கப்பலேறியவர். அன்றிலிருந்து தங்கை என்றால் அவருக்குப் படம்தான். முதலில் தபாலில் வந்த படம், இப்போது கண்ணாடித் திரையில் வருகிற படம். அந்த முகத்தை எங்கள் பகுதி ஸ்டூடியோ ஒன்று அழகாகத் துடைத்து வைத்திருக்கிறது.

பழைய தொழிற்பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அல்பத்தின் முன்னால் உட்கார்ந்தேன். என் மனைவி முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவள்; சேமலாப நிதி எடுத்த பிறகும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறவள். கூடைக் கயிறு இழுத்து இழுத்து அவளுடைய உச்சந்தலையில் முடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் பலருக்கும் அது உண்டு. படத்தில் அந்தத் தடத்துக்குக் கறுப்பை நிரப்பி முடி வளர்த்திருக்கிறார்கள். அவளுடைய பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ரேகை ரேகையாக ஓடியிருக்கும். தேசிக்காய் தேய்த்தாலும் போகாது. படத்தில் அந்த விரல்கள் மெழுகுதிரி மாதிரி இருக்கின்றன. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. இரண்டு வயதில் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசற்கல்லில் விழுந்து பட்டது. அவளை இடுப்பில் தூக்கி வைத்திருந்து வழுக்கவிட்டவர் அந்த அக்காதான். படத்தில் அந்த அக்கா முதலில் தேடுவது எதை என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்தில் இப்போது வழுவழுப்பாக ஒன்றுமில்லை.

என் சங்கதி இன்னும் வேடிக்கை. நெற்றி நிறைய மூன்று பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டுதான் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். படத்தில் திருநீறு இல்லை. அதை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. நெற்றியை வெளுக்க வெளுக்கத் திருநீறு அதற்குள்ளேயே கரைந்துவிட்டது. கறுத்த நெற்றியில்தான் திருநீறு தெரியும்.

இதைப் பேச இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். 1973இலிருந்து 1994 வரை ஹட்டன் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் ரீடச்சிங் செய்தவன் நான். படம் பிடித்தவன் அல்ல. பிடித்த படத்தைத் திருத்தியவன். சாய்வான ஒரு மரச்சட்டம், நடுவில் மங்கல் கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இவ்வளவுதான் என் மேசை. நெகட்டிவின் மேல் பஞ்சால் ஒரு சொட்டு வார்னிஷைத் தேய்த்தால் பென்சில் பிடிக்கும். பென்சிலை அரத்தாளில் தேய்த்து ஊசி முனையாக்கி, முகத்தில் எங்கே பரு, எங்கே கண்ணுக்குக் கீழே பள்ளம் என்று பார்த்துப் புள்ளி புள்ளியாக நிரப்பவேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கருமையாக இருப்பது அங்கே வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பென்சில் அடைத்தால் காகிதத்தில் அந்த இடம் வெளுத்து வரும். கை கொஞ்சம் கூடிப் போனால் அம்மை வடு மாதிரி வெள்ளைப் பொட்டு விழும். ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலம் எடுக்கும். அன்றைய கல்யாணம் ஒன்றுக்கு மூன்று ரோல், ரோலுக்குப் பன்னிரண்டாக முப்பத்தாறு படம். அதில் என் மேசைக்கு வருவது பத்துப் பன்னிரண்டு முகம்.

இந்த இடத்தில் என் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

பென்சிலைவிடப் பெரிய வித்தை ஒன்று எங்களிடம் இருந்தது. நீர்க்கக் கரைத்த சிவப்புச் சாயத்தை நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் மட்டும் தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்த பின் இன்னொரு பூச்சு என்று ஏற்றுவோம். கறுப்பு வெள்ளைப் படக் காகிதத்துக்குச் சிவப்பு என்றால் இருட்டு. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிவதும் அதனால்தான். சாயம் ஏறிய இடத்தில் ஒளி குறைவாக இறங்கும், முகம் முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். இரண்டு பூச்சுக்கு மாநிறம், மூன்று பூச்சுக்குச் சிவந்த மேனி. சிவப்பைப் பூசி வெள்ளையாக்கும் அந்தத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வயதில் பெரிய கர்வம்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் மகளைக் கூட்டி வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும், "கொஞ்சம் நிறமாக இருக்கட்டும் தம்பி" என்றார். நான் மூன்று பூச்சு ஏற்றினேன். புசல்லாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பஸ் மாறிப் பஸ் மாறிப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தேநீர்த் தட்டோடு வந்து நின்றபோது, தங்கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "படத்தில் இருக்கிற மூத்த பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் மூத்த பிள்ளையும் அவள்தான், ஒரே பிள்ளையும் அவள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பன் ஸ்டூடியோவுக்கு வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. படத்தை என் மேசையில் குப்புற வைத்தார். தரவேண்டியிருந்த மிச்சக் காசை அதற்குப் பக்கத்தில் எண்ணி வைத்தார். போய்விட்டார்.

முதலாளி சாயப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டியது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு கேள்வியையும் கொடுத்தார். பென்சிலை வைக்கும் முன் கேட்டுக்கொள்: அடுத்த கிழமையும் அது அந்த முகத்தில் இருக்குமா? பரு இருக்காது, எடுத்துவிடு. சவரக் காயம், நுளம்புக்கடி, வியர்வை மினுமினுப்பு இருக்காது, எடுத்துவிடு. மச்சமும் தழும்பும் அம்மைத் தழும்பும் இருக்கும், அவற்றில் கை வைக்காதே. பாஸ்போட் படங்களில் அவர் இதை முதலிலிருந்தே கண்டிப்பாகப் பார்த்தவர். அந்த வருடங்களில் எங்கள் ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டதே இந்தியாவுக்குப் போகிறவர்களின் பாஸ்போட் படம்தான். அன்றைய கடவுச்சீட்டில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் இருந்தது. "வலது கன்னத்தில் மச்சம்" என்று அதில் எழுதியிருக்க, படத்தில் மச்சத்தை நான் எடுத்துவிட்டால் இந்தியாவில் போய்ச் சேரும் மண்டபம் முகாமில் யார் பதில் சொல்வது என்று கேட்பார்.

பிறகு கலர் வந்தது. அந்தக் காலத்துக் கலர் பிலிமிலும் எங்கள் முகத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிறம் சரியா என்று பார்க்க ஆய்வுகூடங்களுக்குக் கொடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்ட்' என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கொழும்புக்கு அனுப்பிய ரோல் கழுவி வரும்போது எங்கள் ஆட்களின் முகம் சேற்று நிறத்தில், பல் மட்டும் தெரிய வரும். அப்போது "கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாருங்கள்" என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் கேட்டது தங்கள் சொந்த முகத்தைத்தான். இன்றைய கமராவுக்கு அந்தக் குறை இல்லை. கறுப்பைக் கறுப்பாகவே, அதற்குள் இருக்கும் செம்மையோடும் பளபளப்போடும் பிடிக்க அதற்குத் தெரியும். பிடித்ததைக் கெடுப்பது பிறகு நடக்கிற வேலை. (1990இல் ஃபோட்டோஷொப் வந்ததை ஹட்டனில் எனக்கு யாரும் சொல்லவில்லை. 1994இல் கலர் லாப் வந்து என் மேசையைக் காலி செய்தபோதுதான் உலகம் மாறியது தெரிந்தது.)

சரி, நியாயம் கேட்போம் என்று அந்த ஸ்டூடியோவுக்குப் போனேன். "நாங்கள் பிடிப்பது மட்டும்தான் ஐயா, எடிட்டிங் வெளியே கொடுக்கிறோம்" என்றார்கள். அந்த வெளியைத் தேடிக் கொட்டகலைப் பக்கம் போனால் ஒரு வீட்டின் பின்னறையில் இருபத்தாறு வயதுப் பையன் ஒருவர், மூன்று ஸ்டூடியோக்களுக்கு இரவிரவாக வேலை செய்கிறார். கண் இரண்டும் சிவந்திருந்தன. சண்டை பிடிக்கப் போன எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். என் மேசையைப் பற்றிச் சொன்னேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு எல்லாவற்றையும் காட்டினார்.

எங்கள் பேத்தியின் கல்யாணத்துக்கு இரண்டு பேர் பிடித்த படங்கள் 4,100. அவற்றில் 700ஐப் பொறுக்கி, முதல் படத்துக்கு வைத்த நிற அளவை எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் ஏற்றுகிறார். பிறகு ஒரு செயலி முகம் முகமாகத் தானே தேடிப் பிடித்துத் தோலைத் தேய்க்கிறது. அதற்குத் தழும்பும் ஒன்றுதான், பருவும் ஒன்றுதான். என் மனைவியின் முகத்தை அந்தப் பையன் அன்றைக்கு நான் கை காட்டிய பிறகுதான் முதன்முதலாகப் பார்த்தார். கல்யாணத்துக்கு வராதவர் யார் என்று அக்காவுக்குச் சொல்லலாம் போலிருந்தது.

கமரா எழுதிய மூலக் கோப்பை, அவர்கள் 'ரோ' என்று சொல்வதை, திறக்கச் சொன்னேன். எல்லாரும் நீலமாக இருந்தார்கள். கோயில் முற்றத்துக்கு மழைக்காக நீலத் தறப்பாள் கட்டியிருந்தோம்; அதற்கு மேல் மூடுபனி. எங்கள் மலைநாட்டு வெளிச்சமே குளிர் நிறம், அது நீலத் தறப்பாளையும் தாண்டி இறங்கினால் கூறைச் சேலையின் சிவப்புக்கூட நாவற்பழமாகிவிடும். பையன் திரையிலிருந்த நிற அளவுகோல் ஒன்றை வலது பக்கம் நகர்த்தினார். நீலம் வடிந்தது. கூறை சிவந்தது, மஞ்சள் மஞ்சளானது. என் மனைவி தழும்போடும் கறை விரலோடும் அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் கழுத்துச் சங்கிலியின் பொன் அந்தக் கறுப்பில் எப்படி மின்னியது தெரியுமா? வெளுத்த படத்தில் அதுவும் பித்தளைபோலச் சோர்ந்து கிடக்கிறது.

"இங்கேயே நிறுத்தியிருக்கலாமே தம்பி" என்றேன்.

"நிறுத்தினால் 'எடிட் செய்யவே இல்லையே' என்று அல்பத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள் ஐயா" என்றார்.

தொலைபேசியைத் திறந்து வாடிக்கையாளர்கள் அனுப்பிய செய்திகளைப் பெயரை மறைத்துக்கொண்டு காட்டினார். மணப்பெண்ணை இரண்டு படி வெளுக்கவேண்டும், நாத்தனாரை வேண்டாம். பின்னால் தெரிகிற லயத்துத் தகரத்தை எடுத்துவிட்டுத் தேயிலை மலையைப் போடவேண்டும். குழுப் படத்தில் நிற்கும் சித்தப்பாவோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை, அவரை நீக்கவேண்டும். செத்துப்போன அப்பாவை அடையாள அட்டைப் படத்திலிருந்து எடுத்து மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தவேண்டும். இந்தக் கடைசி வேலையை நாங்களும் கத்தரிக்கோலாலும் பசையாலும் செய்து, ஒட்டியதை மறுபடி படம் பிடித்திருக்கிறோம். அதில் நான் வாய் திறக்கமாட்டேன். லயத்தைத் துடைக்கச் சொன்ன செய்தியைத்தான் இரண்டு தடவை வாசித்தேன். அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்து, ஆளாகி, கல்யாணச் சேலையோடு படியிறங்கிய காம்பரா அது. அதைத் துடைத்த இடத்தில் போட்டிருக்கும் தேயிலை மலை யாருடைய தோட்டமோ.

சருமத்தை வெள்ளையாக்கும் என்று விற்றுப் பெயர் பெற்ற களிம்பே 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நாம் இன்னும் பின்னறைப் பையனுக்கு இரவு பதினொரு மணிக்கு, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஸ்டூடியோக்காரர்களை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வி உண்டு. 700 படத்தை யார் கேட்டார்கள்? 700ஐத் திருத்தவேண்டும் என்றால் எந்த மனிதனும் இயந்திரத்திடம்தான் கொடுப்பான். நாற்பதை, ஐம்பதைக் கையால் திருத்துங்கள். மற்றவற்றுக்கு நிறத்தை மட்டும் சரிசெய்து கொடுங்கள். கையால் செய்யும் வழியைப் பையனே எனக்குக் காட்டினார். பருவை மட்டும் தொட்டு எடுக்கும் தூரிகை இருக்கிறது. கண்ணுக்குக் கீழ் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்க வழி இருக்கிறது. என் பென்சிலின் பேரப்பிள்ளைகள்தான் அவை, தோலின் துவாரம்கூட அப்படியே இருக்கிறது. ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம். எங்கள் அரை மணித்தியாலத்தை நினைத்தால் அது கல்யாண விருந்து.

இன்னொரு சின்ன விஷயமும் கண்ணில் பட்டது. பையன் இருட்டான அறையில் உட்கார்ந்து திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வேலை செய்கிறார். அதில் படம் பிரகாசமாகத் தெரியும். அச்சில் மங்கி வரும். வாடிக்கையாளர் மங்கல் என்று திட்டுவார், அடுத்த கல்யாணத்துக்குப் பையன் எல்லார் முகத்தையும் முன்கூட்டியே இன்னும் தூக்கிவிடுவார். திரையைக் குறைத்து, அச்சடித்த படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார் தம்பி என்றேன். பார்த்தார்; தலையைச் சொறிந்தார்.

பெற்றோருக்கும் சொல்கிறேன். முற்பணம் கொடுக்கும்போதே முகத்தின் நிறத்தில் கை வைக்கக்கூடாது என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஸ்டூடியோ முன்பு செய்த அல்பம் ஒன்றைக் கேளுங்கள். மணப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அந்த அல்பத்திலுள்ள கிழவிகளைப் பாருங்கள். கிழவிக்குச் சுருக்கம் இல்லாவிட்டால் வேறு கடைக்குப் போங்கள். அச்சுக்குப் போகும் முன் பக்கங்களை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். இன்றைய அல்பத்தின் தாள்கள் அட்டையோடு ஒட்டி வருபவை, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. எங்களுக்கு அதுதான் நடந்தது. திருத்தாத மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள். எங்கள் காலத்தில் ஸ்டூடியோ மூடினால் நெகட்டிவ்கள் பெட்டியோடு பழைய சாமான்காரனிடம் போயின. எத்தனை பேருடைய ஆச்சிமார் அப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பக்கத்தை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்திய வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் பிள்ளைகள் கிரகரி வாவி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று சுற்றிவிட்டு, கடைசியாகத் தலவாக்கலை வீதியில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு சென்கிளேயரில் பழைய தண்ணீர் இல்லை. படத்தில் கரை புரண்டு விழுகிறது. எங்கிருந்து கொண்டுவந்து ஊற்றினார் என்று கேட்டேன்; பையன் சிரித்தார். நானும் என் மனைவியும் கல்யாணம் முடித்த வருடத்தில் பஸ் ஜன்னலால் பார்த்த சென்கிளேயர் அது. அந்தப் பக்கத்தை மட்டும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன்.

அன்று மாலையே பையன் என் கண்முன்னால் ஒரு படத்தைத் திரும்பச் செய்தார், அட்சதைப் படத்தை. நீலத்தை எடுத்தார். வேறு எதையும் தொடவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த நூல் ஒன்று அவள் தாடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது அடுத்த கிழமை இருக்காது, எடு" என்றேன். காசு வேண்டாம் என்றார், வைத்துவிட்டு வந்தேன்.

அதைக் கோத்தகிரிக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் அக்கா பேசினார். "இப்போதுதான் வந்து சேர்ந்தாயா?" என்று தங்கையிடம் கேட்டார். நெற்றித் தழும்பு நான் போட்டது என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார், பேரன் நம்பவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்: "அது சரி, அந்த முழுப் பக்கப் படத்தில் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்காரத் துரை யார்?"

இப்படிக்கு,
முன்னாள் ரீடச்சிங் தொழிலாளி ஒருவர்,
டிக்கோயா.